இரண்டாவது பாத்தி

கடையைக் கைமாற்றிய பிறகும் திருநாவுக்கரசுக்கு விடியுமுன் விழிப்பு வருவது நிற்கவில்லை. எழுந்து, பல் துலக்கி, சட்டையையும் மாட்டிக்கொண்ட பிறகுதான் போக இடமில்லை என்பது நினைவுக்கு வரும். ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் சட்டையோடு உட்கார்ந்துகொண்டு, கீழே பசார் சந்தைக்குப் போகிற மோட்டார் சைக்கிள்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் மனைவி வடிவம்மாள் கண்டும் காணாதவள்போலக் காப்பி கலக்குவாள்.

இன்று மட்டும் போக இடம் இருந்தது. நிபோங் திபாலில் மகனுடைய உருளைக்கிழங்குக் காட்டில் முதல் அறுவடை.

இந்தத் தொடரை நடுவில் ஒரு வாரம் விட்டுவிட்டவர்களுக்காக ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். மகன் குகன், புக்கிட் தெங்காவில் நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டு, பழைய ரப்பர் தோட்ட நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உருளைக்கிழங்கு போட்டான். கப்பலில் வருகிற கிழங்கையே நாற்பது வருடமாக விற்கிறோமே, நாமே ஏன் போடக்கூடாது என்பது அவன் கேள்வி. விற்கிறவன் விற்க வேண்டும், விளைவிக்கிறவன் விளைவிக்க வேண்டும் என்பது அப்பாவின் பதில். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு குறைந்துபோனது.

கேமரன் மலையிலிருந்து விதைக்கிழங்கு, நிழல் வலை, தண்ணீர் பம்பு, உரம், மருந்து என்று குகனின் சேமிப்பு முழுவதும் மண்ணுக்குள் போனது. செடி என்னவோ தளதளவென்று வளர்ந்தது. ஆனால் எடுக்க வேண்டிய நேரத்தில் ஆள் கூலிக்கும் மூட்டைக்கும் லோரிக்கும் கையில் காசில்லை. விளைந்ததை மண்ணிலேயே அழுக விடவா என்று வடிவம்மாள் அழுதாள். கைப்பேசியில் செடிகளின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார் திருநாவுக்கரசு. பொங்கலுக்கு மறுநாள், பசார் வாசலில் இருந்த தன் கிழங்கு வெங்காயக் கடையைப் பக்கத்துத் தேங்காய்க் கடை ஹஸ்ருலுக்கு விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அறுவடைக்குச் செலவழித்தது போக மிச்சம் அதிகமில்லை. இனி இந்த வீட்டுக்குச் சோறு போட வேண்டியது அந்தக் காடுதான்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. வடிவம்மாளின் நேர்த்திக்கடன். முதல் கிழங்கு முருகனுக்கு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் போடுகிற தண்ணீர் பந்தலில், வருகிற ஜனங்களுக்கு இந்த வருடம் சொந்தக் காட்டு உருளைக்கிழங்குப் பிரட்டல். அதுவரை ஒருவரும் ஒரு செடியைக்கூடத் தோண்டிப் பார்க்கக் கூடாது. சாமிக்கு என்று சொன்னதை எச்சில் பண்ணினால் ஆகாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். விதை கொடுத்த மலைக்காரர், நடுவில் ஒன்றிரண்டு செடியைப் பிடுங்கிப் பார்த்துக்கொள் தம்பி என்றுதான் சொன்னார். அம்மாவின் வாக்கைத் தட்ட குகனுக்கு மனம் வரவில்லை. அப்பாதான் எதிர்ப்பு, அம்மாவாவது பக்கம் இருக்கட்டுமே என்று இருந்துவிட்டான்.

நாளைக்குத் தேர், மறுநாள் பூசம்.

காலையில் வடிவம்மாளைப் பந்தலில் வெங்காயம் உரிக்க இறக்கிவிட்டு, அந்தோணிராஜின் லோரி கடல் பாலத்தில் ஏறியது. அந்தோணிராஜ் பசாரில் திருநாவுக்கரசின் மூட்டைகளை ஏற்றி இறக்கியே தலை நரைத்தவர். மாதா கோயில் திருவிழாவுக்கும் வருவார், பூசத்துக்கும் வருவார். இன்றைக்கு வண்டி வாடகை வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார். திருநாவுக்கரசு கேட்கவில்லை.

"மகன் காட்டுலேர்ந்து வர்ற முதல் லோடு. ஓசியில ஏத்தினா நல்லா இருக்காது லா" என்றார்.

எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்களுக்கு நடுவே மண் பாதையில் குலுங்கிக்கொண்டு போய் லோரி நின்றது. திருநாவுக்கரசு இந்த இடத்தில் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. கறுப்பு நிழல் வலைக்குக் கீழே, பாத்தி பாத்தியாக, இடுப்பளவுக்குச் செடி. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். இத்தனை நாள் வராமல் வீம்பு பிடித்தோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"நல்லாத்தான் வந்திருக்கு" என்றார்.

பிறந்ததிலிருந்து அப்பா வாயால் குகன் கேட்ட மிக நீளமான பாராட்டு அதுதான். அவன் வேறு பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டான். இலை இன்னும் பழுக்கவில்லை, பத்து நாள் விட்டால் நல்லது, ஆனால் பூசம் காத்திருக்காதே என்று அவசரமாக விளக்கம் சொன்னான்.

முதல் பாத்தியின் தலைப்பில் வேப்பிலையும் மஞ்சளும் வைத்து, கோலம்கூடப் போட்டிருந்தது. எல்லாம் குகனின் மனைவி பிரமிளாவின் வேலை. கம்பெனியில் லீவு போட்டுவிட்டு, முந்தாநாளே தனியாக வந்து இடத்தைச் சுத்தம் செய்திருந்தாள். குகன் அப்போது மூட்டைப் பைகள் வாங்க பட்டர்வொர்த் போயிருந்தான். அவன் வேலையை விட்ட நாளிலிருந்து அவர்கள் இருவர் செலவும் அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. ஒரு மாதமாகவே அவள் முகத்தில் களையில்லை. வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பொழுது வேறு. ஷிஃப்ட் வேலை, பூச விரதம், இளைக்கத்தான் செய்யும் என்று வீட்டில் எல்லோரும் தங்களுக்குத் தாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

ருக்கையா தன் ஆட்களோடு தயாராக நின்றாள். அந்த வட்டாரத்தில் அறுவடைக்குப் பெண்களை அழைத்து வருகிறவள் அவள். வெயில் ஏறுவதற்குள் ஆரம்பிக்கலாமே என்றாள். பிரமிளா கற்பூரத் தட்டைப் பிடிக்க, திருநாவுக்கரசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். முதல் செடியைப் பிடித்து இழுத்துவிட்டு மண்ணுக்குள் கையை விட்டார்.

கிழங்கு. ஒன்றல்ல, ஆறேழு. ஒவ்வொன்றும் கை நிறைகிற பருமன்.

பெண்கள் குலவையிட்டார்கள். அந்தோணிராஜ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்த செடி, அதற்கடுத்த செடி என்று வரிசையாகக் கிழங்கு வந்தது. குகன் மண்ணில் மண்டியிட்டு, சின்னப் பிள்ளைபோல இரண்டு கையாலும் வாரினான். வாரிக்கொண்டே அழுதான். தான் அழுவது அவனுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

திருநாவுக்கரசு மட்டும் ஒரு கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கட்டைவிரலால் அதன் தோலை ஒரு தேய் தேய்த்தார். திருப்பிப் பிடித்து மறுபடியும் தேய்த்தார். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி தள்ளிப் போய்விட்டார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று அந்தோணிராஜ் ருக்கையாவிடம் சொன்னார்.

ருக்கையா இரண்டாவது பாத்தியில் இறங்கினாள்.

அவள் இழுத்த செடி சுலபமாகக் கையோடு வந்தது. கீழே வெள்ளை வெள்ளையாக வேர். வேரைத் தவிர வேறொன்றுமில்லை. மண்வெட்டியை எடுத்து ஆழமாகக் கொத்தினாள். அடுத்த செடியைப் பிடுங்கினாள். கோலிக்குண்டு அளவில் ஒன்றே ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற பெண்களும் ஆளுக்கொரு பாத்தியில் பிடுங்கிப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குலவைச் சத்தம் எப்போது நின்றது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

குகன் எழுந்து ஓடினான். நடுப் பாத்தியில் பிடுங்கினான். கடைசிப் பாத்தியில் பிடுங்கினான். பம்புக்குப் பக்கத்தில், வலையின் ஓரத்தில், எங்கே பிடுங்கினாலும் அதே வெள்ளை வேர்தான். இடுப்பு உயரத்துக்கு உரம் தின்ற செடி, அடியில் ஒன்றுமே வைக்கவில்லை. அவன் முகம் செத்துப்போனது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையை நாம் கேட்டிருக்கிறோம். இவன் வெட்டின இடத்தில் பூதம்கூட இல்லை.

"தம்பி, நிறுத்தவா, தோண்டவா?" என்று ருக்கையா மெதுவாகக் கேட்டாள். கிழங்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வந்த பெண்களுக்கு இன்றைய கூலி கூலிதான். அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"தோண்டுங்கக்கா" என்றான் குகன்.

பிறகுதான் அவன் புத்தி முதல் பாத்திக்குத் திரும்பியது. அங்கே மட்டும் எப்படி? போய் ஒரு கிழங்கை எடுத்துப் பார்த்தான். புதுக் கிழங்கென்றால் வேரின் நூலில் தொங்கிக்கொண்டு வர வேண்டும். இதில் நூலில்லை, காம்பு ஒடிந்த தடமுமில்லை. தோல் காய்ந்து இறுகியிருந்தது. ஒன்றில் சிவப்பு மூட்டை வலையின் இழை ஒட்டிக்கொண்டிருந்தது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். வலையின் ஓரத்தில் அப்பா நின்றார். கிழங்கு என்றால் அப்பா. லோரி என்றால் அப்பாவின் நண்பர். பந்தலில் அம்மாவுக்கும், ஊருக்கு முன்னால் தனக்கும் தலைகுனிவு வரக்கூடாதென்று இந்த மனிதர் கடைக் கிழங்கைக் கொண்டுவந்து புதைத்திருக்கிறார் என்று அவனுக்குப் பட்டது. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கிழங்கோடு அவரிடம் போனான்.

அவன் வாயைத் திறப்பதற்குள் திருநாவுக்கரசு கேட்டார்.

"எந்தக் கடையில வாங்குன?"

குகனுக்குப் புரியவில்லை.

"நாப்பது வருஷம் கிழங்கு வித்தவன்டா நான். இன்னைக்குத் தோண்டுன கிழங்கு, தேய்ச்சா தோல் கையோட வரணும். இது பசார் கிழங்கு. அத்தன பேரு முன்னால உன்ன ஏன் கேவலப்படுத்தணும்னு சும்மா இருந்தேன். என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல? நான் உன் அப்பன்தானே?"

"நீங்கதான் வச்சீங்கன்னு நான் நெனச்சேன்ப்பா" என்றான் குகன்.

மகன் தன்னை ஏமாற்றினான் என்று அப்பாவும், அப்பா தன்னைக் காப்பாற்றினார் என்று மகனும் நினைத்துக்கொண்டிருந்தது ஒரே நேரத்தில் இடிந்து விழுந்தது. அப்படியானால் யார்? முந்தாநாள் தனியாக இங்கே வந்தது யார்?

திரும்பினார்கள். கற்பூரம் அணைந்துபோன தட்டை இன்னும் கீழே வைக்காமல் பிரமிளா நின்றுகொண்டிருந்தாள்.

"நான்தான் மாமா" என்றாள்.

அவள் அழவில்லை. அழுதெல்லாம் முடித்துவிட்டாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரு நாள் குகன் உரம் வாங்கப் போயிருந்தபோது, ஆசை தாங்காமல் ஒரே ஒரு செடியைத் தோண்டிப் பார்த்தாளாம். அடியில் ஒன்றுமே இல்லை. பயந்துபோய் அதே இடத்தில் நட்டு, மண்ணை மூடி, தண்ணீரும் ஊற்றிவிட்டு வந்துவிட்டாளாம்.

"அத்தை தொடக் கூடாதுன்னாங்க. நான் தொட்டுட்டேன். அதுக்காகத்தான் சாமி கிழங்க எடுத்துக்கிட்டாருன்னு நெனச்சேன். அந்த ஒரு செடியோட போவட்டும், மத்தது வரட்டும்னு வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வேண்டிக்கிட்டேன். முந்தாநாள் இன்னொண்ண புடுங்கிப் பாத்தேன். அதுலயும் இல்ல. அப்புறம்தான் ரெண்டு மூட்ட வாங்கியாந்து செடிக்கு அடியில சொருகினேன். பந்தலுக்கு மட்டுமாவது இருக்கட்டும்னு."

குகன் தலையில் கை வைத்துக்கொண்டு பாத்தி மேட்டில் உட்கார்ந்துவிட்டான். யாரிடமோ பேசுவதுபோலச் சொன்னான்.

"நீ தொட்டதால ஒண்ணும் இல்ல, பிரமி. ராத்திரி மண்ணு குளுந்தாத்தான் இது கிழங்கு வைக்கும். மலைக்காரரு தலபாடா அடிச்சுக்கிட்டாரு. நான்தான் வலை போட்டு, சாயங்காலம் தண்ணி அடிச்சா போதும்னு நெனச்சேன். இந்தச் சூட்டுல இது இல மட்டும்தான் விடும். நட்ட அன்னைக்கே இங்க கிழங்கு இல்ல."

பிரமிளாவின் முகத்தில் ஒரு கணம் உயிர் வந்தது. ஒரு மாதமாக நெஞ்சில் சுமந்த பாவம் தன்னுடையதில்லை என்று தெரிந்தால் யாருக்குத்தான் வராது? பாவம், அந்த நிம்மதி அவளுக்கு நிலைக்கவில்லை.

"எப்பம்மா தோண்டிப் பாத்த?" என்று திருநாவுக்கரசு கேட்டார்.

அவள் தட்டைப் பார்த்தாள்.

"கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம், மாமா."

கிறிஸ்மஸ் முன்னாலா, பொங்கல் முன்னாலா என்று சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும். தூரத்தில் பெண்களின் மண்வெட்டிகள் வெறும் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தன.

"பொங்கலுக்கு மறுநாள்தானே நான் கடையக் குடுத்தேன்" என்றார் திருநாவுக்கரசு. குரலில் கோபமே இல்லை. அதுதான் கேட்கப் பயமாக இருந்தது. "அன்னைக்குக் காலையில நீதானே எனக்குக் காப்பி போட்டுக் குடுத்த."

"சொல்லணும்னு வாயெடுத்தேன், மாமா. நீங்க சிரிச்சுக்கிட்டே கெளம்புனீங்க. ரொம்ப நாள் கழிச்சு அவரு பேரச் சொல்லி, குகனுக்குத்தானே குடுக்கறேன்னு சொல்லிக்கிட்டே செருப்பு மாட்டுனீங்க. எனக்கு வாய் வரல."

குகன் மனைவியை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்ததை நான் எழுத விரும்பவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காடு மட்டும் போயிருக்கும், கடை இருந்திருக்கும். செடி வளர்க்க ஆன செலவு அவன் தலையோடு போயிருக்கும். இல்லாத கிழங்கை எடுப்பதற்காகத்தான் அப்பாவின் கடை போயிருக்கிறது. அவன் எழுந்து பெண்கள் தோண்டுகிற பக்கம் நடந்துபோனான்.

அந்த நேரம் பார்த்து பிரமிளாவின் கைப்பேசி அடித்தது. வடிவம்மாள்.

எடுக்காமல் விட்டால் விடுகிற ஆளில்லை அவள். திருநாவுக்கரசு கையை நீட்டி வாங்கினார். பந்தலின் மேளச் சத்தத்துக்கு மேலே வடிவம்மாள் கத்தியது பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது. எல்லோரிடமும் சொல்லிவிட்டாளாம், அடுப்பு மூட்டியாயிற்றாம், பெரிய சட்டி இரண்டு இரவல் வாங்கியாயிற்றாம். ஹஸ்ருல் பந்தலுக்கு வந்து, பாக்சிக்கிட்ட (திருநாவுக்கரசை அவன் பெரியவர் என்கிற மரியாதையில் அப்படித்தான் கூப்பிடுவான்) ஒரு விசயம் பேசணும் என்று சொல்லிவிட்டுப் போனானாம், என்னவென்று அவளிடம் சொல்லவில்லையாம்.

"கெழங்கு எப்படிங்க வந்துச்சு? கடையக் குடுத்தது வீண் போகல இல்ல?" என்று கேட்டாள்.

திருநாவுக்கரசு செடிகளைப் பார்த்தார். காற்றில் அவை அழகாகத்தான் ஆடிக்கொண்டிருந்தன.

"கெழங்கு வரும்" என்றார். "சட்டிய எறக்கிடாத."

கைப்பேசியை மருமகளிடம் கொடுத்துவிட்டு, முதல் பாத்தியில் எடுத்ததை மூட்டை கட்டச் சொன்னார். பந்தலுக்கு அது எந்த மூலைக்கும் போதாது. இன்னும் ஐந்து மூட்டையாவது வேண்டும். அந்தோணிராஜ் வண்டியைத் திருப்பினார்.

"ஜெலுத்தோங் பசாருக்கு" என்றார் திருநாவுக்கரசு. லோரியின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு பிரமிளாவைப் பார்த்தார். "ஏறும்மா."

"தம்பி?" என்றார் அந்தோணிராஜ்.

குகன் வரவில்லை. கூப்பிட்டது காதில் விழவில்லையோ, விழுந்தும் திரும்பவில்லையோ. கண்ணாடியில் அவன் சின்னதாகிக்கொண்டே போனான். ஒரு பெண்ணின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி அவனே கொத்த ஆரம்பித்திருந்தான்.

லோரி செம்பனைத் தோட்டங்களைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வந்தது. பிரமிளா இருவருக்கும் நடுவில், முழங்கைகளை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாலம் கண்ணுக்குத் தெரிந்தபோது திருநாவுக்கரசு சட்டைப் பையிலிருந்து அந்தக் கிழங்கை எடுத்தார்.

"இத எங்க வாங்குன?"

"நம்ம கடையிலதான், மாமா." அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஹஸ்ருல்கிட்ட. வேற எங்க வாங்கறதுன்னு எனக்குத் தெரியல."

உண்மைதான். இந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் ஒரு கிழங்குக்குக்கூடக் காசு கொடுத்ததில்லை.

"கிலோ என்ன வெல போட்டான்?"

அவள் சொன்னாள்.

"கூடக் குடுத்துட்டியே" என்றார் திருநாவுக்கரசு. பழக்கதோஷம், தன்னையறியாமல் வந்துவிட்டது. அந்தோணிராஜ் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாலத்தின் மேல் காற்று உள்ளே அடித்தது. திருநாவுக்கரசு கிழங்கைக் கையில் உருட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் வந்தார்.

"பூச வாரத்துல வெலய ஏத்து, அன்னைக்கு யாரும் பேரம் பேச மாட்டாங்கன்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்மா. கடைய ஒப்படைச்ச அன்னைக்கு" என்று சொல்லிவிட்டு, முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.